பாரதி பாட்டு பொதுச் சொத்தான கதை



பரிசளிப்பு விழா என்றால் மேடையில் ஒரு பாரதி பாட்டாவது இல்லாமல் இருக்காது. சின்னப் பிள்ளைகள் கைகோத்து ஆடுவார்கள். பெரிய வகுப்பு மாணவர்கள் தலைப்பாகை கட்டி, மை தீட்டி மீசை வைத்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். பார்க்கிற நமக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தப் பாட்டைப் பாட யாரிடமாவது அனுமதி கேட்டோமா? யாருக்காவது காசு கட்டினோமா? இல்லையே!

'பாரதி பாட்டுக்கு யாருங்க காசு கேட்கப் போறா?' என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பாரதியின் பாட்டு ஒருவருடைய சொந்தச் சொத்தாக இருந்தது. அவர் அனுமதியில்லாமல் படத்தில் பாடினால் வழக்கு வரும் என்ற நிலையும் இருந்தது. அந்தப் பாட்டு நம் எல்லாருடைய சொத்தாக எப்படி ஆனது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. படைப்பவனுடைய உழைப்பும் வியாபாரியின் கணக்கும் மோதிக்கொண்ட வரலாறு அது.

அரசவையிலிருந்து அச்சுக்கூடத்துக்கு

பழங்காலத்தில் புலவன் பாடுவான், அரசன் பரிசு கொடுப்பான். யானை கொடுத்த அரசனும் உண்டு, வாசலில் காக்க வைத்த அரசனும் உண்டு. பாட்டு ஓலையில் இருந்தது. வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். 'இது என் பாட்டு, நீ பாடாதே' என்று யாரும் யாரையும் தடுத்ததாகச் செய்தி இல்லை.

பிறகு அச்சு இயந்திரம் வந்தது. ஒரே நாளில் ஆயிரம் பிரதி அடிக்கலாம் என்று ஆனது. அப்போதுதான் புதிய பிரச்சினை பிறந்தது. ஆயிரம் பிரதி விற்றால் காசு வருகிறதல்லவா? அந்தக் காசு யாருக்கு? எழுதியவருக்கா, அச்சடித்தவருக்கா, விற்றவருக்கா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. இந்தியாவில் 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும் வரையிலும், அவர் இறந்து 50 ஆண்டுகள் வரையிலும் உரிமை நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டையும் காணியையும் விற்பது போல அந்த உரிமையையும் விற்கலாம், வாங்கலாம். கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

விற்கத் தெரிந்தும் விற்க முடியாத கவிஞர்

பாரதியார் 1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே 'பாரதி' என்ற பட்டம் பெற்றார். எட்டயபுரம் ஜமீனில் சிறிது காலம் வேலை செய்தார். அரண்மனைச் சோறு அவருக்கு ஒத்துவரவில்லை. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். ஆமாம், பிள்ளைகளே, அவரும் ஒரு வாத்தியார்தான்! அந்த ஆண்டே சென்னைக்குப் போய் 'சுதேசமித்திரன்' நாளிதழில் சேர்ந்தார். பிறகு 'இந்தியா' என்ற வார இதழை நடத்தினார்.

1907இல் ஒரு சுவையான சம்பவம் நடந்தது. வி.கிருஷ்ணசாமி ஐயர் என்ற பெரிய வழக்கறிஞர் மிதவாதக் கட்சிக்காரர், பாரதியோ தீவிரவாதக் கட்சி. இருவருக்கும் அரசியலில் ஒத்துவராது. ஆனாலும் பாரதியின் பாட்டைக் கேட்டு மனம் உருகிய ஐயர், தம் சொந்தச் செலவில் 3 பாட்டுகளை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாக வழங்கினார். பாரதி பாட்டு முதன்முதலில் மக்களிடம் பரவலாகப் போனது இப்படித்தான். கவனித்தீர்களா? அன்றைக்கே அது விலையில்லாமல் வந்தது. ஆனால் விலையில்லாமல் கொடுக்க ஒருவர் விலை கொடுத்திருந்தார்.

1908இல் 'இந்தியா' இதழின் மேல் அரசாங்கத்தின் பார்வை விழுந்தது. பதிவில் ஆசிரியராக இருந்தவர் கைதானார். பாரதி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்விட்டார். பத்திரிகையும் அங்கே போனது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வரக்கூடாது என்று தடை போட்டார்கள். வாங்குகிறவர் எல்லாம் இந்தப் பக்கம், பத்திரிகை அந்தப் பக்கம். கடை திறந்திருந்து என்ன பயன், கடைக்கு வரும் சாலையை மூடிவிட்டால்? 1910இல் பத்திரிகை நின்றது.

புதுச்சேரியில் 10 ஆண்டுகள். வறுமையோ வறுமை. ஆனால் அவருடைய சிறந்த படைப்புகள் பிறந்ததும் அங்கேதான். 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் அந்தக் காலத்தவை. பிஜித் தீவில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம் பெண்களின் கண்ணீரையும் அவர் பாடினார். தோட்டத்து வாழ்க்கை தெரிந்த நமக்கு அதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912இல் அச்சாகியது. இரண்டாம் பாகம் அவர் உயிரோடு இருந்த வரை அச்சேறவே இல்லை! எழுதி முடித்த காவியம் பணமில்லாமல் பெட்டியில் கிடந்தது.

1918இல் பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பியவுடன் கைது செய்தார்கள். சில வாரம் கழித்து விட்டார்கள். 1920இல் பாரதி ஒரு பெரிய திட்டம் போட்டார். தம் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட்டு விற்பது. அதற்கு நண்பர்கள் கடன் கொடுத்தால் வட்டியோடு திருப்பித் தருவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் சாதாரணமாக விலைபோக வேண்டும் என்பது அவர் ஆசை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. 'கவிஞன் காசைப் பற்றி நினைக்கக்கூடாது' என்று பாரதி நினைக்கவில்லை. வியாபாரத்தை அவர் வெறுக்கவும் இல்லை. நல்ல எழுத்து நாலு காசுக்கு விற்று, வீடு வீடாகப் போக வேண்டும், எழுதியவன் குடும்பமும் சாப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தார். நியாயமான ஆசைதானே? ஆனால் பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில், 39 வயது நிறைவதற்கு முன்பே கண்ணை மூடினார். இறுதி ஊர்வலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான்.

கவிஞர் போன பிறகு

பாரதியார் விட்டுப்போன சொத்து என்ன? மனைவி செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா என்று 2 பெண்கள், ஒரு கட்டு கையெழுத்துப் பிரதி. அவ்வளவுதான்.

செல்லம்மாள் மனம் தளரவில்லை. 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் 1922இல் கணவரின் பாட்டுகளை வெளியிட்டார். படிப்பாளிகள்கூடச் செய்யத் தயங்கிய வேலையை ஓர் ஏழைப் பெண் செய்தார். ஆனால் அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கவும், புத்தகம் விற்றுக் காசு வசூலிக்கவும் முதல் வேண்டாமா? பிறகு பாரதியின் தம்பி சி.விசுவநாதனும் (சிற்றன்னையின் மகன்) உறவினரும் நண்பரும் சேர்ந்து 'பாரதி பிரசுராலயம்' நடத்தினார்கள். அச்சேறாமல் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இதில் விசுவநாதன் பட்ட பாடு சாதாரணமல்ல. கையெழுத்துப் பிரதிகளைத் தேடி, ஒழுங்குபடுத்தி, அச்சுப்பிழை பார்த்து வெளியிட்டவர் அவர். அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

1928இல் அரசாங்கம் பாரதியின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சென்னைச் சட்டமன்றத்தில் எஸ்.சத்தியமூர்த்தி அதைக் கண்டித்து முழங்கினார். கவிஞர் உயிரோடு இருந்தபோது சாலையை மூடினார்கள். இறந்த பிறகு சரக்கையே அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் தடை போட்டதாலேயே பாட்டு இன்னும் வேகமாகப் பரவியது. காங்கிரஸ் கூட்டங்களிலும் நாடக மேடைகளிலும் பாரதி பாட்டு ஒலித்தது.

காலப்போக்கில் நூல்களின் பதிப்புரிமை விசுவநாதன் கைக்கு வந்து சேர்ந்தது. குடும்பம் தன் பங்கை விலைக்குக் கொடுத்துவிட்டது. கையில் இருப்பதை விற்றுப் பிள்ளையைக் கரையேற்றும் தாய்மார்களை நாம் பார்த்ததில்லையா? செல்லம்மாளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

ரிக்கார்டும் சினிமாவும் வந்தன

இதற்கிடையில் கிராமபோன் பெட்டி வந்துவிட்டது. 1931இல் தமிழ்ப் படமும் பேசத் தொடங்கியது. பேசியதைவிடப் பாடியதுதான் அதிகம்! பாட்டு நன்றாக இருந்தால் படம் ஓடும், ரிக்கார்டு விற்கும். அதுவரை புத்தகத்தில் இருந்த பாட்டுக்குத் திடீரென்று மவுசு கூடியது.

இங்கேதான் உரிமை துண்டு துண்டானது. புத்தகமாக அச்சிடும் உரிமை ஒருவரிடம். இசைத்தட்டிலும் படத்திலும் பாடும் உரிமை இன்னொருவரிடம். பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு உரிமையை வட இந்திய நகை வணிகர் ஒருவர் 1930களில் வாங்கி வைத்திருந்தார். நகைக்கடைக்காரருக்குப் பாரதி பாட்டு எதற்கு? நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்குத்தான். நிலம் வாங்கிப் போடுகிறார்களே, அது போல.

கணக்குத் தப்பவில்லை. 1946இல் படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன், நம் எல்லாருக்கும் தெரிந்த ஏ.வி.எம். செட்டியார், அந்த உரிமையை அவரிடமிருந்து நல்ல விலைக்கு வாங்கினார். 1947 ஜனவரியில் அவருடைய 'நாம் இருவர்' படம் வந்தது. நாடு சுதந்திரத்தை எட்டிப் பிடிக்கும் நேரம். டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு. கேட்க வேண்டுமா? படம் சக்கைப்போடு போட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் வாயிலும் பாரதி பாட்டு வந்தது.

இதில் ஒரு நியாயத்தை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். பாரதி ஆசைப்பட்டாரே, தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்று. அந்தக் காரியத்தில் பெரிய பங்கு ஒரு வியாபாரிக்கு உண்டு. முதல் போட்டவர் அவர். படம் ஓடாமல் போயிருந்தால் நட்டமும் அவருக்குத்தான். ஆகவே 'வியாபாரி கெட்டவன், கவிஞன் நல்லவன்' என்று சுலபமாகக் கதை கட்டிவிட முடியாது.

வழக்கும் கிளர்ச்சியும்

ஆனால் தகராறு வந்தது. நாடகக் கலையில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் நாடகங்களில் நெடுங்காலமாகப் பாரதி பாட்டைப் பாடி வந்தவர்கள். 1948இல் வெளியான அவர்களுடைய 'பில்ஹணன்' படத்திலும் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றது. 'உரிமை என்னிடம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எப்படிப் பாடலாம்?' என்று ஏ.வி.எம். தரப்பு சட்டத்தின் துணையை நாடியது.

சட்டப்படி பார்த்தால் அவர் கேட்டது சரி. காசு கொடுத்து வாங்கிய பொருளை வேறொருவர் எடுத்தால் யார்தான் சும்மா இருப்பார்? ஆனால் தமிழ் மக்கள் மனம் கொதித்தது. ஏன் தெரியுமா? தடை இருந்த காலத்தில் அந்தப் பாட்டைப் பாடி அடிபட்டவர்கள் இருந்தார்கள். சிறைக்குப் போனவர்களும் இருந்தார்கள். மேடைக்கு மேடை பாடி அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் மக்கள். 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஆசிரியர் கல்கி முன்னின்று மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டியது அது. ஊர் மக்கள் காசு போட்டு மண்டபம் கட்டுகிறார்கள், ஆனால் அந்தக் கவிஞரின் பாட்டைப் பாட இன்னொருவர் அனுமதி வேண்டும் என்றால்? இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள்.

டி.கே.சண்முகம், எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், பாரதியின் வரலாற்றை எழுதிய வ.ரா. முதலியோர் பாரதியின் படைப்புகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். கூட்டம் போட்டார்கள், தீர்மானம் நிறைவேற்றினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். செல்லம்மாளையும் நேரில் கண்டு அவர் சம்மதத்தைப் பெற்றார்கள். யாரும் கல் எறியவில்லை, கடையை உடைக்கவில்லை. பேச்சாலும் எழுத்தாலும் நடந்த போராட்டம் அது.

அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். அரசாங்கம் மக்களின் குரலுக்குச் செவி சாய்த்தது. 1949இல் நூல் உரிமைக்காக விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கியது. செல்லம்மாளுக்கும் மகள்களுக்கும் தனியாகத் தொகை கொடுக்கப்பட்டது. ஏ.வி.மெய்யப்பன் என்ன செய்தார்? காசு கொடுத்து வாங்கிய உரிமையைக் காசு வாங்காமலேயே விட்டுக்கொடுத்தார். வழக்குக்குப் போன மனிதர்தான், விட்டுக்கொடுத்தவரும் அவர்தான். மனிதர்களை ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

சில ஆண்டுகள் அரசாங்கமே உரிமையை வைத்துக்கொண்டு பாரதி நூல்களை வெளியிட்டது. பிறகு காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955இல், பாரதியின் படைப்புகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், பாடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சட்டப்படி 1971 முடிய வேலிக்குள் இருந்திருக்க வேண்டிய பாட்டு, 16 ஆண்டுகளுக்கு முன்பே வெளியே வந்தது. ஓர் அரசாங்கம் ஒரு கவிஞரின் உரிமையை விலை கொடுத்து வாங்கி, மக்களுக்கே திருப்பிக் கொடுத்தது உலகத்திலேயே அரிதான செயல். அதன் பிறகு தமிழ்நாட்டில் இன்னும் பல எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கினார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

இந்தக் கதையில் லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு? வாசகருக்கு லாபம். மலிவுப் பதிப்புகள் வந்தன. ஏழை வீட்டிலும் பாரதி புத்தகம் ஏறியது. பதிப்பகத்தாருக்கும் லாபம். ஆனால் பாரதிக்கு? பசியோடு போனவருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. செல்லம்மாளுக்கு வந்தது காலம் கடந்து வந்தது. கணவர் இறந்து 28 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

வங்காளத்தில் வேறு மாதிரி நடந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல் உரிமை அவர் அமைத்த விசுவபாரதி கல்வி நிலையத்திடம் இருந்தது. அந்த வருமானம் கல்விக்குப் பயன்பட்டது. உரிமை முடியும் தறுவாயில், 1992இல் இந்திய அரசு சட்டத்தையே திருத்தி 50 ஆண்டை 60 ஆக்கியது. 2001 முடிவில்தான் தாகூரின் எழுத்து பொதுவானது. ஒரு கவிஞருக்காக வேலியைச் சீக்கிரம் எடுத்தார்கள். இன்னொரு கவிஞரின் காலத்தில் வேலியை நீட்டினார்கள். இரண்டிலும் நல்ல நோக்கம் உண்டு. ஆகவே உரிமை என்பதே தீமை என்று சொல்ல வரவில்லை. அந்த உரிமையால் யாருடைய அடுப்பு எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று மலேசியாவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டும், சிங்கப்பூரில் 70 ஆண்டும் உரிமை நிற்கிறது. எந்த நாட்டுச் சட்டமும் எழுதுகிறவனுக்குச் சோறு போடுவதில்லை. சோறு போடுவது, விலை கொடுத்து வாங்கும் வாசகர்தான்.

நமக்கு இதில் என்ன?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சுமந்தவர் ஒருவர். அந்த ரப்பரில் செய்த பொருளுக்கு எங்கோ ஒரு நகரத்தில் விலை வைத்தவர் வேறொருவர். வேர்வை ஓரிடம், வெள்ளி ஓரிடம். எழுத்தாளன் நிலைமையும் அதுதான். அவன் வேர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டுகள்! எத்தனை கதை, எத்தனை கவிதை அதில் முதன்முதலாக அச்சேறியிருக்கும்! 1935இல் கோ.சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. பத்திரிகைக்கு விளம்பரம் வேண்டும், விற்பனை வேண்டும். வாங்கும் கை இருந்தால்தான் எழுதும் கை ஓடும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் சொந்தக் காசில் புத்தகம் போட்டு வெளியீட்டு விழாவுக்கு அழைத்தால், மாலையும் பொன்னாடையும் மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு புத்தகம் வாங்கி வாருங்கள். 'எனக்கு ஒண்ணு சும்மா கொடுங்களேன்' என்று கேட்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அவருக்கு அடுத்த புத்தகத்துக்கு முதலாகும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சொல்கிறேன். பாரதி பாட்டை எங்கே வேண்டுமானாலும் பாடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதியதை எடுத்துக் கட்டுரைப் போட்டியில் உங்கள் பெயர் போட்டுக் கொடுக்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு விரலால் தொட்டு எடுத்துவிடலாம்தான். எடுப்பது சுலபம் என்பதால் அது நம்முடையது ஆகிவிடாது. உங்களில் ஒருவர் நாளைக்குக் கவிஞராகலாம், ஓவியராகலாம், பாடகராகலாம். அப்போது உங்கள் வேலைக்குக் கூலி கேட்க வெட்கப்படாதீர்கள். பாரதியே வெட்கப்படவில்லை.

சும்மா கிடைக்கிறது என்று நாம் நினைப்பதற்கெல்லாம் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். பாரதி பாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் பாரதி, செல்லம்மாள், அச்சடித்தவர்கள், பாடிச் சிறைக்குப் போனவர்கள், கூட்டம் போட்டுக் கேட்டவர்கள், கேட்டதைக் கொடுத்தவர்கள். இன்று மேடை ஏறும் நம் பிள்ளைகள் அந்த நினைவோடு பாடட்டும். கேட்கும் நாம் அந்த நன்றியோடு கேட்போம்.

வாழ்க பாரதி புகழ்! வளர்க தமிழ்!